பண்ணையம்மாவும் வெறும் பாட்டிலும்

ஒரு கட்டடத்தில் யார் பெரிய ஆள் என்று தெரிய வேண்டுமானால் வாசல் பலகையில் இருக்கும் பெயர்களைப் படிக்கக் கூடாது. யார் ஒரு நாள் லீவு போட்டால் மற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மூன்று மாடி ஆராய்ச்சிக் கூடம் அது. பட்டம் வாங்கியவர்கள் மட்டும் நாற்பது பேர். அத்தனை பேரும் கையைப் பிசைவது ஒரே ஒரு அம்மாவுக்காக. அவர் படித்தது எட்டாவது. அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொல்வது. பரீட்சை எழுதிய நாற்பது பேருக்கும் அந்த அறைக்குள் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

பண்ணையம்மா என்பது கூடத்தில் வைத்த பெயர். கையகல நிலம் இல்லாதவருக்கு இந்தப் பட்டம் வந்த கதை இதுதான். இரண்டாம் மாடிக் கோடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. உடம்புக்குள் இருக்க வேண்டிய செல்களை வெளியே எடுத்து, உள்ளங்கை அகலத் தட்டைப் பாட்டில்களில் போட்டு, இளஞ்சிவப்பான சத்துத் தண்ணீர் ஊற்றி அங்கே வளர்ப்பார்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தீனி மாற்ற வேண்டும். நெரிசலானால் பிரித்து வேறு பாட்டிலுக்குக் குடி மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று செல்லுக்குத் தெரியாது. மாட்டுப் பண்ணையிலாவது பசித்தால் மாடு கத்தும். இதுகள் கத்தவும் கத்தாது, சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும்.

இருபத்திரண்டு வயதில் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவர் அவர். அப்போது பாட்டில் எல்லாம் கண்ணாடி. கழுவுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு நாளும் ஒழுங்காகக் கழுவிப் பார்க்காதவர்கள். சோப்பு வாசனை போனால் போதாது, சோப்பு பட்ட ஞாபகமே கண்ணாடிக்குப் போயிருக்க வேண்டும். ஏழு தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை வடித்த தண்ணீர். மற்றவர்கள் கழுவிய பாட்டிலில் செல் வாடி நிற்கும், இவர் கழுவியதில் தளதளவென்று இருக்கும். இதை அவர் சொல்லிக்கொள்ளவில்லை. நோட்டுப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த படித்தவர்களே சொன்னார்கள்.

நான்கு வருஷம் கழுவினார். கழுவுகிற சாக்கில் செல் அறைக் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே நடப்பதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டார். ஒரு நீண்ட விடுமுறையில் அந்த அறைக்குப் பொறுப்பானவர் காய்ச்சலில் விழுந்துவிட்டார். மூன்றாம் நாள் இவர் இரண்டு கையிலும் ஸ்பிரிட்டைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். பதினாறு பாட்டிலுக்கும் தீனி மாற்றினார். வெளியே வந்து, ஒன்றும் நடக்காதது போல மறுபடி கழுவ உட்கார்ந்தார். அனுமதியில்லாமல் உள்ளே போனதற்குத் திட்டு விழுந்தது. பாட்டில்களைத் திறந்து பார்த்த பிறகு வேலை கிடைத்தது. முப்பத்தோரு வருஷமாக அந்த அறைச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது.

புட்டிகளில் இருக்கும் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் தன்னுடைய நோட்டில் தன் இஷ்டத்துக்குத்தான் எழுதுவார். ‘மூணாவது முகம் வாட்டம். நாலாவது பரவாயில்ல. அஞ்சாவத யாரோ தொட்டிருக்காங்க.’ அஞ்சாவதைத் தொட்டவர் யாராக இருந்தாலும் அன்று சாயங்காலத்துக்குள் தானாக வந்து ஒப்புக்கொள்வார். அப்படி ஒரு மரியாதை.

பண்ணையில் இரண்டு விதமான செல்கள் வளர்ந்தன. ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் சாது. பாட்டிலின் அடியில் கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கும். பக்கத்துச் செல் மேலே இடித்தால், இதுதான் நம் எல்லை என்று வளர்வதை நிறுத்திக்கொள்ளும். இன்னொன்று, அதே சாதுவுக்குள் கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்று புகுந்து குணத்தையே மாற்றிவிட்ட செல். அதன் பெயர் போக்கிரி. உருண்டு திரண்டு, ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி, பாட்டிலைச் சரியாகப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். விரலால் சுண்டினால் கழன்று மிதக்கும்.

இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் செல்லின் மேற்பரப்பில் இருக்கிறது. சாதுவின் மேல் பெரிய புரதம் ஒன்று உண்டு. செல்லைப் பாட்டிலோடும் அக்கம்பக்கத்தோடும் கட்டிப் போடுவது அந்தப் புரதம். பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றி இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வலை பின்னினது போலத் தெரியும். போக்கிரியின் மேல் அந்த வலை இல்லை. அது எங்கே போயிற்று? போக்கிரி அதைச் செய்யவே இல்லையா, இல்லை, செய்ததைத் தானே அறுத்துப் போடுகிறதா? புரதத்தை அறுக்கிற சாமானுக்கு நொதி என்று பெயர். போக்கிரி அப்படி ஒரு நொதியைக் கசிய விடுகிறதா என்பதுதான் சின்ன டாக்டரின் கேள்வி.

சின்ன டாக்டர் என்பவர் மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். முப்பத்தொன்பது வயதுப் பெண். மேலே பெரிய டாக்டர் என்று தலைவர் ஒருவர் இருந்ததால் இவர் சின்னவர் ஆனார். இவருடைய வேலை ஒப்பந்தம் வருஷக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஒரு நல்ல கட்டுரை அச்சில் வந்தால் நீட்டிப்பார்கள்.

சோதனை என்னவோ எளிதுதான். போக்கிரிகளை ஒரு நாள் முழுக்க சத்துத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை எடுத்து சாதுக்கள் மேல் ஊற்றுவது. வலை அறுந்தால், அறுத்த நொதி அந்தத் தண்ணீரில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, சாதுக்கள் ஊறிய தண்ணீரை வேறு சாதுக்கள் மேல் ஊற்றுவது. நிபந்தனை ஒன்றுதான்: ஊறவைக்கும் தண்ணீரில் சீரம் இருக்கக் கூடாது. சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்பது. செல்லுக்கு அது தாய்ப்பால் மாதிரி. ஆனால் சீரம் பட்டால் நொதியின் பல் மழுங்கிவிடும். அறுக்கிற நொதி இருந்தாலும் வெளியே தெரியாது.

பண்ணையம்மா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சின்ன டாக்டர் ஊற்றி, சாயம் ஏற்றி, இருட்டறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

“அக்கா, இங்க வந்து பாருங்க.”

பண்ணையம்மா கண்ணை வைத்துப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன். ஒண்ணுமே இல்ல. வலை சுத்தமா போச்சு.”

நான்கு தடவை செய்தார்கள். நான்கு தடவையும் போக்கிரித் தண்ணீர் பட்ட இடத்தில் வலை இல்லை, சாதுத் தண்ணீர் பட்ட இடத்தில் வலை அப்படியே. சின்ன டாக்டருக்கு இன்னொரு ஆச்சரியமும் இருந்தது.

“நான் கழுவினா போக்கிரி பாதி தொட்டியில போயிடுது. உங்க பாட்டில்ல மட்டும் எப்படிக்கா ஒண்ணு குறையாம நிக்குது?”

“அது கைப்பக்குவம்மா. சொல்லிக்கொடுத்தா வராது” என்றார் பண்ணையம்மா. சொன்னபோது முகத்தில் என்ன ஒளி இருந்திருக்கும் என்பது, தன் கையை நம்பி மேலே வந்த எவருக்கும் தெரியும்.

அந்த வாரமே பெரிய டாக்டர் கூப்பிட்டார். ஒல்லியான மனிதர், பேச்சு மெதுவாக இருக்கும். “கட்டுரையில உங்க பேரையும் சேக்கிறோம். வெள்ளிக்கிழமை அனுப்பணும். முழுப் பேரு எழுதிக் கொடுங்க. பண்ணையம்மான்னு போட முடியாது.”

“போட்டாத்தாங்க எனக்கே என்னைத்தான் சொல்றாங்கன்னு புரியும்.”

சிரித்துவிட்டு வந்தாரே தவிர, படிக்கட்டில் கால் நிலைகொள்ளவில்லை. அவர் வளர்த்த செல்லை வைத்து அந்தக் கூடத்தில் இருநூறு கட்டுரையாவது எழுதியிருப்பார்கள். பாட்டில் வாங்கிய கம்பெனியின் பெயர்கூட அதிலெல்லாம் இருக்கும், பாட்டிலைப் பிடித்த கையின் பெயர் இருக்காது. முதல்முறையாக இப்போதுதான் படித்தவர்களுக்கு நடுவே அவர் பெயர் அச்சில் வரப்போகிறது. ஓய்வுக்கு இன்னும் ஒரே வருஷம் பாக்கி. இது போனால் இன்னொன்று வராது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் வண்டிகளுக்கு பிரேக் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். அவருக்கும் சொந்தக் கை, சொந்தக் கடை. செய்தி கேட்ட மறுநாளே கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

“ஏங்க, ஊரெல்லாம் சொல்லாதீங்க. இன்னும் அச்சாகல.”

“ஊரெல்லாம் எங்க சொன்னேன்? பிரேக் சரி பண்ண வந்தவங்களுக்கு மட்டும்தான் சொன்னேன்.”

“பிரேக் கெட்டுப்போன வண்டி இந்த ஊர்ல எத்தனை இருக்கு?”

“கெடாத வண்டி எத்தனைன்னு கேளு. அதைச் சொல்றது சுலபம்.”

மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்குப் புள்ளிவிவரம் வேண்டும். “உன் பேரு எத்தனாவதும்மா?”

“மூணாவது.”

“மொத்தம் எத்தனை பேரு?”

“நாலு.”

“அப்போ பாஸ்தான்.”

புதன்கிழமை காலை. கட்டுரைக்கு இன்னும் ஒரு நல்ல படம் வேண்டும் என்று சின்ன டாக்டர் கேட்டிருந்தார். பண்ணையம்மா வழக்கம்போல ஒரு பாட்டில் போக்கிரியைத் தயார் செய்து, சீரம் இல்லாத தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகினார். கழுத்தில் மயிரிழை விரிசல். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஒழுகின பாட்டிலை வைத்துக்கொள்ளக் கூடாது. கொட்டுவதற்குப் பார்த்தால் கழிவு ஜாடியும் நிறைந்திருந்தது. பக்கத்தில், வயதாகிப்போய், தீனியை வடித்துவிட்டு எறிவதற்கு வைத்திருந்த ஒரு சாதுத் தட்டு இருந்தது. ரெண்டும் குப்பைக்குத்தானே போகிறது என்று தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, ஜாடியைக் காலி செய்யப் போனார்.

திரும்பி வரக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். எறிகிற தட்டையும் ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் எறிய மாட்டார். போகிறவர்களையும் முகம் பார்த்து அனுப்பும் பழக்கம்.

பார்த்தார். சாதுக்கள் கையைக் காலை மடக்கி உருண்டுகொண்டிருந்தன. தட்டின் ஓரத்தில், ஈரம் பட்ட காகிதம் கிளம்புவது போல ஒரு முழு விரிப்பே மடங்கிக் கிளம்பியிருந்தது.

பண்ணையம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஒரு நாள் பூரா ஊறிய தண்ணீர் செய்ய வேண்டிய வேலை இது. இந்தத் தண்ணீருக்கு வயது பத்து நிமிஷம். குடி மாறி வந்த போக்கிரி அதற்குள் கண்ணைக்கூடத் திறந்திருக்காது. அது எப்போது நொதி செய்து, எப்போது கசியவிட்டு, எப்போது அறுப்பது? அதைவிட, இந்த உருளலும் இந்த உரியலும் அவர் பார்க்காத காட்சியா? முப்பத்தோரு வருஷமாக வாரம் நான்கு தடவை பார்ப்பது. இது டிரிப்சின் செய்கிற வேலை.

டிரிப்சினும் ஒரு நொதிதான். விலங்கின் கணையத்திலிருந்து எடுப்பது. பாட்டிலில் ஒட்டிய செல்களை வேறு பாட்டிலுக்கு மாற்ற அதைத்தான் ஊற்றுவார்கள். மேற்பரப்பில் இருக்கும் பிடிகளை அது அறுத்துவிட, செல் உருண்டு கிளம்பும். உடனே சீரம் கலந்த தீனியை ஊற்றினால் டிரிப்சினின் பல் மழுங்கிவிடும், அதற்கு மேல் அறுக்காது. சின்ன டாக்டர் எழுதிக் கொடுத்த முறை தெளிவாகவே இருந்தது. டிரிப்சினால் கிளப்பிய செல்லை முதல் நாள் சீரத் தீனியில் வைக்க வேண்டும். மறுநாள் இரண்டு முறை கழுவ வேண்டும். அப்புறம்தான் சீரம் இல்லாத தண்ணீர்.

சாதுவுக்கு அப்படியே செய்தார். சாது எவ்வளவு கழுவினாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். போக்கிரி நிற்காது. கழுவக் கழுவப் பாதிப் போக்கிரி தொட்டியில் போவதைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஒரு செல்லை வீணாக்கினவர் என்று பெயர் எடுக்காதவர் அவர். அதனால் போக்கிரிக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். டிரிப்சினால் கிளப்பி, நேராகச் சீரம் இல்லாத தண்ணீருக்குள். கழுவலும் இல்லை, இழப்பும் இல்லை. அதுதான் அந்தக் கைப்பக்குவம். பாட்டிலில் கொஞ்சம் டிரிப்சின் மிச்சம் நிற்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அது எந்தக் காலத்திலும் கெடுதல் செய்ததில்லை. ஏன் செய்ததில்லை? எந்தக் காலத்திலும் கூடவே சீரம் இருந்தது. இந்த ஒரு வேலையில் சீரத்தை எடுத்துவிட்டார்கள் என்பதைக் காது கேட்டுக்கொண்டது, கை கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, சாதுவின் வலையை அறுத்தது போக்கிரியா, தன் கையா?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இதை மறைக்க ஒரு பிடி சோறுகூடத் தேவையில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவர் கை செய்ததை அவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை கட்டுரை போகும், பெயர் அச்சாகும், சின்ன டாக்டருக்கு வேலை நீளும். இந்தக் கணக்கெல்லாம் அந்த ஸ்டூலிலேயே அவர் போட்டுப் பார்த்தார். அவர் ஒன்றும் சாமியார் இல்லை.

அப்புறம் எழுந்து, ஒரு புதுப் பாட்டிலை எடுத்தார். செல் எதுவும் போடவில்லை. போக்கிரிக்கு ஊற்றும் அளவுக்கு டிரிப்சின், அதன் மேல் சீரம் இல்லாத தண்ணீர். இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும். இரண்டையும் ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்தார். வியாழக்கிழமை காலை இரண்டு சாதுத் தட்டில் ஊற்றினார். மூடியில் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதி, மத்தியானம் சின்ன டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“இதுக்குக் கொஞ்சம் சாயம் ஏத்திப் பாருங்கம்மா.”

சாயங்காலம் இருட்டறையிலிருந்து குரல் வந்தது. “ஒண்ணாவது நல்லாருக்கு. ரெண்டாவதுதான போக்கிரித் தண்ணி? பாத்தாலே தெரியுதே. வலையே இல்ல.”

“ரெண்டாவதுல போக்கிரி இல்லம்மா.”

“பின்ன?”

“செல்லே இல்ல. வெறும் பாட்டில். டிரிப்சின் மட்டும்.”

சின்ன டாக்டர் வெளியே வந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

“நான் எழுதிக் கொடுத்த மாதிரி செய்யலையா அக்கா?”

“சாதுவுக்குச் செஞ்சேன். போக்கிரிக்குச் செய்யல. கழுவினா பாதி போகுதேன்னு நேரா தண்ணியில விட்டேன்.”

“எத்தனை தடவை?”

“நாலு தடவையும்.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீங்கதான் கேட்டீங்களே. கைப்பக்குவம்னு சொன்னேன்.”

சின்ன டாக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. “நாளைக்கு அனுப்பணும். என் வேலை இதுல தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்மா. என் பேரும் அதுலதான் தொங்குது.”

சின்ன டாக்டர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பேரும் பெரிய டாக்டர் அறைக்குப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“முப்பத்தோரு வருஷம். இந்தக் கூடத்துல எத்தனை பேரோட வேலைல உங்க கை இருக்கு, யோசிச்சீங்களா?”

“யோசிச்சேங்க. அதுல எல்லாம் சீரம் இருந்துச்சு. முப்பத்தோரு நோட்டும் அறையில இருக்கு. நாள் வாரியா, பாட்டில் வாரியா எழுதியிருக்கேன். எந்தப் பக்கத்த வேணா புரட்டுங்க. நான் தப்பு பண்ணது இந்த நாலு தடவைதான்.”

தப்பை ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும் தலை குனியாமல் பேசினார் என்று இதை நினைக்கிறவர்கள் நினைக்கலாம். குனிய வேண்டிய அளவுக்குக் குனிந்துவிட்டார், அதற்கு மேல் அவர் முதுகு வளையாது. பெரிய டாக்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்க்க மூன்று வாரம் கொடுத்தார்.

வீட்டில் அன்று பேச்சு இப்படிப் போயிற்று.

“அப்போ பேரு வராதா?” என்றார் வீட்டுக்காரர்.

“வராமலும் போகலாம்.”

“நாப்பது வண்டிக்காரங்ககிட்ட சொல்லிட்டேனே.”

“பிரேக் மாட்டி அனுப்பின வண்டி நிக்காதுன்னு அப்புறமா தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

“ஓடிப் போய் மறிப்பேன். பின்னாடி என்ன பேசிக்கிட்டு இருக்கிறது?”

“அதான் நானும் ஓடிப் போய் மறிச்சேன்.”

மறுநாள் வீட்டுக்காரர் கடையில், கட்டுரை கொஞ்சம் தாமதமாகும், வேலை சுத்தமாக நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

வேலை சுத்தமாகத்தான் நடந்தது. இனி எல்லாச் செல்லுக்கும் முதலில் சீரம். அப்புறம் கழுவல். சாதுவைப் பாட்டிலிலேயே வைத்து மூன்று முறை கழுவலாம். போக்கிரியை எப்படிக் கழுவுவது? சுழற்றுகிற இயந்திரத்தில் போட்டுப் பார்த்தார்கள், நசுங்கிக் கட்டி கட்டியாக வந்தது. முதல் வாரம் அப்படியே போனது. பண்ணையம்மா யோசித்து, பாட்டிலைச் சில்லென்ற இடத்தில் கொஞ்ச நேரம் வைத்துக் கையால் தட்டினார். போக்கிரிகள் பொலபொலவென்று கழன்றன. டிரிப்சினே வேண்டியிருக்கவில்லை. அவற்றை உயரமான குழாய்களில் ஊற்றி நிற்க வைத்தார். அரைமணி நேரத்தில் தன் பாரத்தால் தானே அடியில் இறங்கின. மேல்தண்ணீரைச் சாய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர். இப்படி மூன்று முறை. போக்கிரியில் மூன்றில் ஒரு பங்கு வீணாயிற்று. ‘மூணுல ஒண்ணு போச்சு’ என்று நோட்டில் எழுதினார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த நோட்டில் ஏறிய முதல் இழப்புக் கணக்கு அது. எழுதும்போது பேனா கனத்திருக்கும்.

ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு வெறும் பாட்டில். அதிலும் முதலில் டிரிப்சின், அப்புறம் சீரம், அப்புறம் மூன்று கழுவல், அப்புறம் ஒரு நாள் தண்ணீர். செல் மட்டும் கிடையாது. இதைச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரே வைத்தார். தட்டுகளில் வெறும் எண்கள். எது எந்தத் தண்ணீர் என்ற சீட்டு அவர் இடுப்பில், சாவியோடு. மைக்ராஸ்கோப்பைப் பார்த்து எண்ணுவதற்கு, சின்ன டாக்டரைத் தவிர்த்து, கருவி அறைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் எதையும் நம்பாத மனிதர்.

“இதுலயாவது செல்லு போட்டிருக்கீங்களா, இல்ல இதுவும் வெறும் தண்ணிதானா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“எண்ணிச் சொல்லுங்க. போட்டது எனக்குத் தெரியும்” என்றார் பண்ணையம்மா.

மூன்றாம் வாரக் கடைசியில் எண்ணி முடித்த தாளை மேஜைமேல் வைத்தார்கள். பண்ணையம்மா இடுப்பிலிருந்து சீட்டை எடுத்து விரித்தார். சின்ன டாக்டர் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டு போனார். வெறும் பாட்டில் தண்ணீர் பட்ட இடத்தில் வலை முழுசாக இருந்தது. சாதுத் தண்ணீர் பட்ட இடத்திலும் முழுசு. போக்கிரித் தண்ணீர் பட்ட தட்டுகளில், நூறு இடம் பார்த்ததில் நாற்பத்திரண்டு இடத்தில் வலை கிழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் சரியாகவே இருந்தது.

“பாதிகூட இல்லக்கா.”

“கிழிஞ்சிருக்குல்ல?”

“கிழிஞ்சிருக்கு.”

“என் கை கிழிக்கலையே?”

சின்ன டாக்டர் மறுபடி தாளைப் பார்த்தார். “இல்ல. வெறும் பாட்டில் சுத்தமா இருக்கு. இந்தத் தடவை கிழிச்சது போக்கிரிதான்.”

“அப்போ நாப்பத்திரண்டுன்னே எழுதுங்க.”

“முந்தி ‘அறுக்கிறது’ன்னு எழுதியிருந்தேன். இப்போ ‘அறுக்கக்கூடும்’னுதான் எழுத முடியும்.”

“கூடும்னா என்னம்மா அர்த்தம்?”

“இன்னும் வேலை பாக்கி இருக்குன்னு அர்த்தம்.”

பெரிய டாக்டருக்கு அந்தக் ‘கூடும்’ பிடித்திருந்தது. பாக்கி வேலையை முடிக்க ஆள் வேண்டும் என்று மேலே எழுதி, சின்ன டாக்டரின் ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்ட வைத்தார். கட்டுரையைத் திருத்தி எழுதினார்கள். பண்ணையம்மா பெயர் மூன்றாவதாக அப்படியே இருந்தது. சின்ன டாக்டர் அவரை உட்கார வைத்து வரி வரியாக அர்த்தம் சொல்லிப் படித்துக் காட்டினார். கேட்டு முடித்ததும் பண்ணையம்மா நேராகப் பெரிய டாக்டரிடம் போனார்.

“இதுல முதல் நாலு தடவை நடந்தது இல்லைங்களே.”

“அதான் சரி பண்ணியாச்சே. செஞ்ச முறையைச் சொல்லியிருக்கு, போதும். பழைய கதை எதுக்கு?”

“வேற எங்கயோ ஒரு பண்ணையில என்னை மாதிரி ஒருத்தி இருப்பாங்க. கைப்பக்குவம்னு இதையே செஞ்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கு யாரு சொல்றது?”

“நாலு வரி போட்டா உங்க பேரோட சேத்து உங்க தப்பும் அச்சுல நிக்கும். எப்பவும் நிக்கும்.”

“நிக்கட்டுங்க. என் பேரு வந்தா தப்போட வரட்டும். தப்பு வேணாம்னா பேரும் வேணாம்.”

பெரிய டாக்டர் முப்பது வருஷத்தில் எத்தனையோ பேர் தன்னிடம் வந்து பெயர் கேட்டதைப் பார்த்திருக்கிறார். முதல் பெயர் வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. இப்படிக் கேட்டவர் இவர் ஒருவர்தான் என்று பிற்பாடு அவர் வாயாலேயே சொன்னார். அன்றைக்குப் பேனாவை எடுத்து நாலு வரி எழுதினார்.

இரண்டு மாதம் கழித்துக் கட்டுரை அச்சாகி வந்தது. மகள் அதை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். மூன்றாவது பெயரில் விரலை வைத்துக்கொண்டு, நாலு வரி வரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அர்த்தம் சொன்னாள். முதல் நான்கு சோதனைகளில் செல்களைக் கிளப்பப் பயன்படுத்திய நொதி கழுவப்படாமல் தண்ணீரில் தங்கிவிட்டது. வலையை அறுத்தது அதுதான். இதைச் செல்களை வளர்த்த, மூன்றாவதாகப் பெயர் உள்ளவரே செல் இல்லாத பாட்டிலை வைத்துக் கண்டுபிடித்தார். இந்தச் சோதனை செய்யும் எல்லோரும் அப்படி ஒரு பாட்டிலைக் கூட வைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“தப்பு பண்ணது இவதான்னு போட்டிருக்கா?”

“கழுவாம விட்டாங்கன்னு இருக்குப்பா. செல்லு வளத்தது யாருன்னும் இருக்கு.”

“அதக் கண்டுபிடிச்சதும் இவதான்னு போட்டிருக்கா?”

“அதுவும் இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார்.

“ரெண்டு ஆள் வேலை பாத்திருக்கா” என்றார். “ஒரு பேருதான் போட்டிருக்காங்க.”